பதினைந்து வயது ஃபிகோவும் ஈரோட்டுச் சாவிக்கடையும்

ஈரோட்டில் காளைமாட்டுச் சிலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் சாவிக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டருக்கு மேலே நீல பெயிண்டில் "கார் சாவி, ரிமோட், லாக் ரிப்பேர்" என்று எழுதியிருக்கும். அதிலும் கடைசி வார்த்தை பாதி உதிர்ந்துவிட்டது. பழைய காருக்கு ரிமோட் சாவி வேண்டும் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் இங்கேதான் அனுப்புகிறேன். வேலை சுத்தம் என்பது ஒரு காரணம். எதற்குக் காசு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்று தெரிந்த ஆள் என்பதுதான் பெரிய காரணம்.

கடைக்காரர் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "இப்ப வர்ற கூட்டத்துக்கே வண்டி நிறுத்த எடமில்லீங் டாக்டரம்மா" என்றார். உண்மைதான். அந்தப் புலம்பல் கீழே வருகிறது.

நான் கால்நடை மருத்துவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் பக்கம் கூப்பிடுகிற தோட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். காரில் ரிமோட் என்பது மற்றவர்களுக்குச் சொகுசாக இருக்கலாம். எனக்கு அது கையுறை மாதிரி ஒரு சாமான். கன்று திரும்பிக் கிடக்கும் மாட்டுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு ஒரு மணி நேரம் போராடிவிட்டு, கட்டுத்தரையிலிருந்து வெளியே வந்து மருந்துப் பெட்டியை எடுக்க வேண்டும் என்றால், சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்புகிற நிலையில் கை இருக்காது. சட்டைப் பையோடு சேர்த்து முழங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினால் டிக்கி திறக்க வேண்டும். ராத்திரி வேளையில், தோட்டத்து நாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாதபோது, தூரத்திலிருந்தே இண்டிகேட்டர் மின்னி கார் திறந்துகொள்வதன் அருமை தனியாகப் போய் வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டி 2010 மாடல் ஃபோர்டு ஃபிகோ, டீசல். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் செய்தது. கம்பெனி 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் மறைமலை நகர் ஆலையும் நின்றது. 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது, "வித்துட்டு ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்குங்கம்மா" என்று மகள் சொன்னாள். மண் தடத்தில் இத்தனை வருஷம் ஓடியும் எஞ்சின் இன்னும் ஒரே திருகில் பிடித்துக்கொள்கிற வண்டியை எதற்கு விற்க வேண்டும்? விற்கவில்லை.

ஆனால் சாவி தேய்ந்துவிட்டது. என்னிடம் இருந்தது ரிமோட் உள்ள சாவி ஒன்று, ரிமோட் இல்லாத வெறும் சாவி ஒன்று. ரிமோட் சாவியின் திறக்கும் பொத்தான் மேலே ரப்பர் கிழிந்து, உள்ளே நகம் வைத்து அழுத்தினால்தான் கேட்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. என் கையில் அது பட்ட பாட்டுக்கு இத்தனை வருஷம் உழைத்ததே அதிகம். அதைச் சரி செய்ய வேண்டும், கூடவே இரண்டாவதாக ஒரு ரிமோட் சாவியும் வேண்டும் என்று கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "மேடம், பழைய மாடல். ரிமோட் மாத்தணும்னா ரிசீவரையும் மாத்தணும், ஈ.சி.எம். ரீசெட் பண்ணணும், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். ரிசீவர் என்றால் வண்டிக்குள் இருந்து ரிமோட்டைக் கேட்கிற பகுதி, ஈ.சி.எம். என்றால் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர். எது எதற்கு எவ்வளவு என்று கேட்டால் "மொத்தமா பேக்கேஜ் மேடம்" என்று பதில் வந்தது. கால்நடை மருந்துக் கம்பெனி ஆட்கள் பலரைப் பார்த்தவள் நான். மொத்தமாக ஒரு விலை சொல்லிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாதவரிடம் நான் வாங்குவதில்லை.

அரச்சலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் சொல்லித்தான் இந்த ஈரோட்டுக் கடைக்குப் போனேன்.

கடை என்றால் பத்துக்கு எட்டு அறைதான். ஒரு பக்கச் சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். நடுவில் சாவி வெட்டும் மெஷின். மூலையில் ஒரு லேப்டாப், அதன் முன்னால் அவருடைய பையன். மேசை மேல் வளைகிற கழுத்தோடு ஒரு விளக்கும் பூதக்கண்ணாடியும். என் சாவியைக் கையில் வாங்கியவர் முதலில் அதை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, மாட்டு வாசம் வருதுங்க?"

"மாட்டு டாக்டர் தம்பி."

"அப்படிச் சொல்லுங். அதுதான் உள்ள பச்சை புடிச்சிருக்குமுங்க." சொல்லிக்கொண்டே மெல்லிய பிளேடால் சாவியின் தலையைப் பிளந்துவிட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. திறந்த சாவியை என் பக்கம் திருப்பி வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் விலையைப் பற்றிப் பேசினார். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ரிமோட் சாவி செய்யப் போகிற எவருக்கும் இது தெரிந்திருந்தால் பாதி ஏமாற்று நின்றுவிடும்.

நம் கையில் இருப்பது ஒரு சாவி, ஆனால் அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பூட்டைத் திருப்புகிற இரும்பு. இரண்டு, எஞ்சினைக் கிளம்ப விடுகிற சிப். மூன்று, கதவைத் திறக்கிற ரேடியோ. ரேடியோவுக்கு மட்டும்தான் பேட்டரி வேண்டும். பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்புவது சிப் தனி என்பதால்தான். மூன்றில் எது கெட்டது, எது புதிதாக வேண்டும் என்று பிரித்துச் சொல்லாமல் "புரோகிராமிங் சார்ஜ்" என்று ஒரே வரியில் போடுகிற பில்லை நம்பக் கூடாது.

சிப்பைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தொழிலில் நாய்க்குத் தோலுக்கடியில் ஊசி மூலம் போடுகிற மைக்ரோசிப்பின் உறவுக்காரன் அது. அதற்கும் பேட்டரி கிடையாது. ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனால், ரீடரின் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். காரில் அந்த ரீடர், சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கிற செம்புச் சுருள். பிராணிகளுக்கு அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ், கார்ச் சாவிகளில் 125ம் உண்டு, அதே 134.2ம் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், நாயின் சிப் யார் கேட்டாலும் தன் 15 இலக்க எண்ணை ஒப்பித்துவிடும். சாவியின் சிப்புக்குக் கார் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கணக்குப் போடும், தன்னிடம் இருக்கும் ரகசிய எண்ணை வைத்து அதற்குச் சிப் விடை சொல்ல வேண்டும். விடை சரியாக இருந்தால்தான் டீசல் போகும். அதுவும் உடைக்க முடியாததில்லை. 40 பிட் நீளமுள்ள ரகசிய எண்ணோடு அப்போது பரவலாக இருந்த ஒரு சிப்பை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அதற்கப்புறம் வந்தவற்றில் ரகசியத்தின் நீளம் கூடிவிட்டது.

சரி, என் சாவிக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தார். சி.ஆர். 2032, மூன்று வோல்ட் வட்டு. நன்றாகத்தான் காட்டியது. "சும்மா வெச்சுப் பாத்தா எல்லாப் பேட்டரியும் மூணு காட்டுமுங்க. வேலை வாங்கிப் பாக்கோணும்" என்று ஒரு சின்ன ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்தார். அப்போதும் இறங்கவில்லை. ஆக, பேட்டரி குற்றமில்லை. பூதக்கண்ணாடிக்கடியில் போர்டை வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பொத்தானுக்கு அடியில் இருக்கிற சின்னஞ்சிறு சதுர ஸ்விட்சின் நான்கு கால்களில் ஒன்று ஈயத்திலிருந்து விட்டுப்போயிருந்தது. முடி அளவு விரிசல். சுற்றிலும் பச்சைப் பாசி மாதிரி செம்பு அரித்திருந்தது. நகம் வைத்து அழுத்தும்போது அந்தக் கால் போய் ஒட்டிக்கொள்ளும், விட்டால் பிரிந்துவிடும். கோளாறு அவ்வளவுதான். இதற்குத்தான் ரிசீவர் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்து எடுத்தார். பழைய ஸ்விட்சைச் சூடு காட்டிப் பெயர்த்துவிட்டுப் புதிதை வைத்துப் பற்றவைத்தார். பற்றவைக்கும்போது பேச்சை நிறுத்திவிடுகிறவர் என்பதையும் குறித்துக்கொண்டேன். தையல் போடும்போது நானும் அப்படித்தான். பிறகு மற்ற இரண்டு பொத்தான்களின் ஸ்விட்சையும் கேட்காமலேயே மாற்றினார். "ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசைல நிக்குமுங்க." மூன்றுக்கும் சேர்த்து 150 ரூபாய். மேலுறை புதிது 450.

அடுத்தது இரண்டாவது சாவி. இரும்பை வெட்டுவதற்கு நான் தினமும் புழங்குகிற சாவியை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த வெறும் சாவியை வாங்கிக்கொண்டார். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும், அந்த நகலைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் அது துவாரத்தில் சிக்கிக்கொள்ளும் என்றார். வெட்டிய பிறகு அரத்தால் ஓரம் தடவி, வண்டியில் சாவித் துவாரம் இருக்கிற இடத்திலெல்லாம் போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். பையனிடம் விடவில்லை.

சிப்பைச் சேர்ப்பதற்கு லேப்டாப்பை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஃபோர்டின் பல பழைய மாடல்களில், ஏற்கெனவே வண்டி அறிந்த சாவிகள் இரண்டு கையில் இருந்தால், மூன்றாவதை மெஷின் இல்லாமலேயே சேர்த்துவிடலாம். முதல் சாவியைப் போட்டு ஆன் செய்து ஆஃப், உடனே இரண்டாவது, உடனே புதியது. நடுவில் ஐந்து விநாடிக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. "ஒரே ஒரு சாவியோட வந்திருந்தீங்கன்னா மெஷின் போட்டிருப்பனுங்க, அதுக்கு ஆயிரத்து ஐந்நூறு. நீங்க ரெண்டும் கொண்டாந்துட்டீங்க" என்றார். இதற்காகவே சொல்கிறேன்: வீட்டில் எத்தனை சாவி இருந்தாலும் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ரேடியோ. பெரும்பாலான கடைகளில் இதைத்தான் மந்திரம் மாதிரி மறைத்துச் செய்கிறார்கள். இவர் என்னையே டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தார். சாவியை இரண்டாம் நிலைக்கு, அதாவது டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிற நிலைக்கு, ஆறு விநாடிக்குள் நான்கு முறை கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். எஞ்சினைக் கிளப்பக் கூடாது. நான்காவது முறை முடிந்து ஆஃப் செய்ததும் வண்டி ஒரு "டிங்" சொல்லும். அதிலிருந்து பத்து விநாடி வண்டி காதைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் புது ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். இன்னொரு "டிங்" வந்தால் பதிந்துவிட்டது. உடனே பழைய ரிமோட்டையும் அமுக்க வேண்டும். அதற்கும் ஒரு "டிங்". அவ்வளவுதான். மொத்தம் நான்கு ரிமோட் வரை பதியலாம். சாவியை மட்டும் நடுவில் உருவிவிடக் கூடாது.

பழைய ரிமோட்டை எதற்கு மறுபடி அமுக்க வேண்டும் என்றால், அந்த ஒரே அமர்வில் பதிந்தவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வண்டி மறந்துவிடும். வீட்டில் விட்டுவிட்டு வந்த ரிமோட் வீட்டிலேயே செத்துப்போகும். ஹோண்டாவின் பழைய கார்கள் பலவற்றிலும் இப்படித்தான், எல்லா ரிமோட்டையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிய வேண்டும். சாவி தொலைந்துபோனவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. மறுபடி பதிந்தால் தொலைந்த ரிமோட் கதவைத் திறக்காது. ஆனால் அதோடு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னார். தொலைந்த சாவியின் இரும்பு இன்னும் கதவைத் திறக்கும், சிப் இன்னும் எஞ்சினைக் கிளப்பும். சிப்பையும் வண்டியின் நினைவிலிருந்து அழிக்க வேண்டும். அதற்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 ஊசி சாக்கெட்டில் மெஷினைச் செருகித்தான் ஆக வேண்டும்.

புரோகிராமிங்குக்கு எவ்வளவு என்று கேட்டேன். "உங்க வண்டி, உங்க சாவி, நீங்களே திருப்புனீங்க. அதுக்கு எதுக்குங்க காசு? வண்டியோட வந்த புஸ்தகத்துலயே போட்டிருக்குது, ஒருத்தரும் படிக்கறதில்லீங்க" என்றார். வீட்டுக்கு வந்து டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறது.

ஆகப் பழைய சாவி ரிப்பேருக்கு 600. சிப்போடு புது ரிமோட் 1,800. இரும்பு வெட்ட 300. மொத்தம் 2,700 ரூபாய். ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

என் மருமகன் எனக்கு உதவுவதாக நினைத்து ஆன்லைனில் ஒரு ரிமோட் வாங்கி அனுப்பியிருந்தார். பார்வைக்கு அச்சு அசல். அதையும் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைப் பிளந்து, உள்ளே ஒரு சின்ன உலோக வட்டத்தின் தலையில் பொறித்திருந்ததைப் படிக்கச் சொன்னார். "ஆர் 315 ஏ" என்று இருந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ரிமோட்டுகள் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் 433.92. நம் வண்டி கேட்காத அலைவரிசையில் அது நாளெல்லாம் கத்தினாலும் பிரயோஜனமில்லை. அலைவரிசை பொருந்தினாலும் அலையில் செய்தியை ஏற்றுகிற முறை வேறாக இருந்தால் அப்போதும் வேலை செய்யாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் மேலுறையின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 433 என்று விவரத்தில் எழுதியிருக்கிறதா, பழைய ரிமோட்டின் முதுகில் இருக்கிற பார்ட் நம்பர் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த ரிமோட்டின் மேலுறையை மட்டும் அவர் எடுத்து வைத்துக்கொண்டு என் பில்லில் கழிக்கிறேன் என்றார். கழிக்க வேண்டாம், முழு ரிமோட்டையும் வைத்துக்கொண்டு உங்கள் பையன் பழகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு சங்கதியும் அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. பேத்தி விடுமுறைக்கு வந்தால் ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருப்பாள். அப்புறம் சில நேரம் வண்டி முதல் அமுக்குக்குக் கேட்காது. ரிமோட் ஒவ்வொரு அமுக்குக்கும் வேறு வேறு எண்ணை அனுப்புகிறது. பால் சொசைட்டியில் ஒரே வரிசை எண் போட்ட டோக்கன் கட்டு இரண்டு பேர் கையில் இருப்பது மாதிரி, அடுத்தது என்ன எண் என்று வண்டிக்கும் தெரியும். வீட்டுக்குள் அமுக்கிய எண்களை வண்டி கேட்டிருக்காது, ஆகவே ரிமோட் முன்னால் போய்விடும். பரவலாகப் புழங்குகிற கீலாக் என்ற முறையில் பதினாறு எண் வரை தள்ளிப் போனால் வண்டி தானே ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேலே போய்விட்டால், அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் வரிசை சரியா என்று பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்ளும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1995இல் மைக்ரோசிப் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போன முறை இது. ஆக, ரிமோட் கேட்கவில்லை என்றதும் கடைக்கு ஓடாமல், வண்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள். இப்படி எண் மாறுவதால்தான் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிற திருடனுக்குப் பழைய எண் பயன்படாது. அதையும் தாண்ட முடியும் என்று 2015இல் சாமி காம்கர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சின்னக் கருவியால் செய்து காட்டினார். எண்ணை வண்டிக்குப் போக விடாமல் தடுத்து, தான் பிடித்து வைத்துக்கொள்கிற கருவி. அவ்வளவு மூளையுள்ளவன் சாணி வாசம் அடிக்கிற என் ஃபிகோவைத் தேடி வரமாட்டான் என்பது என் எண்ணம்.

நான் இருந்தபோதே மொடக்குறிச்சியிலிருந்து ஒருவர் பழைய மாருதி 800 கொண்டுவந்திருந்தார். கம்பெனியில் ரிமோட் வராத வண்டி. யாரோ வெளியில் சென்ட்ரல் லாக் பூட்டியிருக்கிறார்கள். ரிமோட் தொலைந்துவிட்டது. நம் பக்கம் பழைய கார்களில் பாதி இந்த ஜாதிதான். இதில் சாவிக்கும் ரிமோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதற்கும் ரிமோட்டுக்கும்தான் பேச்சு. பதிவதற்கு ஒரு சின்னப் பொத்தான் எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள், பூட்டியவருக்கே மறந்துபோயிருக்கும். அந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற ரிமோட்டைத் தேடி அலைவதை விடப் பெட்டியையும் ரிமோட்டையும் ஜோடியாகப் புதிதாகப் போடுவதுதான் மலிவு என்றார் கடைக்காரர். கதவுகளுக்குள் இருக்கிற மோட்டாரை மாற்ற வேண்டாம். டிரைவர் கதவில் ஐந்து ஒயர் மோட்டார், மற்றதில் இரண்டு ஒயர், அதெல்லாம் அப்படியே புதுப் பெட்டியோடு சேர்ந்துகொள்ளும். மோட்டாரோடு முழு செட்டையும் போடச் சொல்லி அந்த ஆளே காசோடு வந்திருந்தார். இவர்தான் வேண்டாம் என்று தடுத்தார்.

சாவி செய்ய ஆர்.சி.யும் ஆதாரும் கேட்கிறார். நகல் வாங்கி, வண்டி எண்ணைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். ஒரு பையன் பைக்கில் வந்து, "மாமா கார்ணா, சாவி மட்டும் வெட்டிக் குடுங்க, ஆர்.சி. அப்பறம் வாட்ஸ்அப்புல அனுப்பறேன்" என்றான். "மாமாவையே கூட்டிட்டு வா கண்ணு" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இது பிடித்திருந்தது.

குறைகளும் இருக்கின்றன, சொல்லாமல் விடக் கூடாது. முதல் குறை, நிறுத்த இடம். சந்துக்குள் ஒரு கார் நின்றால் பால் வண்டி போகாது. ரிமோட் பதியும்போது வண்டி கடை வாசலில் நிற்க வேண்டும் என்பதால், பின்னால் வந்த ஆட்டோக்காரரின் ஹாரனோடு சேர்த்துத்தான் நான் அந்த "டிங்" சத்தத்தைக் கேட்டேன். காலையில் கடை திறந்ததும் போய்விட்டால் தப்பிக்கலாம். இரண்டாவது, பில். அவர் தருவது துண்டுச்சீட்டுதான். கேரண்டி "மூணு மாசம், என் வாய்தான் கேரண்டி" என்கிறார். என் சாவிக்கு அது போதும், கம்பெனிக் கணக்கில் எழுதுகிறவர்களுக்குப் போதாது. மூன்றாவது, உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அதில் எனக்கு முன்னால் ஒரு மீட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

பொருளிலும் குறை உண்டு. புது மேலுறையின் பிளாஸ்டிக் பழையதைப் போல் கெட்டியில்லை. பொத்தான்களின் மேல் இருக்கிற பூட்டுப் படம் இப்போதே வெளிறத் தொடங்கிவிட்டது. புது ரிமோட் எட்டுகிற தூரமும் குறைவு. பழையது கட்டுத்தரையிலிருந்து கிளுவை வேலிக்கு வெளியே நிற்கும் வண்டியைத் திறக்கும், புதியதற்கு வேலி வரைக்கும் நடந்து வர வேண்டும். ரிமோட்டைத் தாடைக்கடியில் வைத்து அமுக்கினால் கொஞ்சம் கூடுதலாக எட்டுகிறது. தலைக்குள் இருக்கிற நீர்ச்சத்து ஆன்டெனா வேலை பார்க்கிறது. சாவியின் வாசம் தெரிந்தவள் என்பதால் அதை நான் அடிக்கடி செய்வதில்லை. அவரிடம் சொன்னபோது ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வெளியில் வருகிற போர்டுகள் இப்படித்தான் இருக்கும், கம்பெனி போர்டு எங்காவது பழைய வண்டியில் கிடைத்தால் எடுத்து வைக்கிறேன் என்றார். புது ரிமோட்டை வண்டியில் பதிந்தமாதிரியே அதையும் பதிந்துவிடலாமாம். ஐந்துக்கு நாலு தருகிறேன். கழித்த ஒன்றில் பாதி அந்தச் சந்துக்கு.

ஸ்மார்ட் கீ, பட்டன் ஸ்டார்ட் வண்டிகளுக்கு எல்லாச் சாவியும் தொலைந்த கேஸை இவர் எடுப்பதில்லை. நேராகவே முடியாது என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அமாவாசையன்று பூஜை முடிந்து மதியத்துக்கு மேல்தான் ஷட்டர் ஏறும். ஆர்.சி., ஆதார், வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியும், வண்டியோடு வந்த புத்தகம் கிடைத்தால் அதுவும் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியின் பேட்டரி இறங்கிப்போய்த் தள்ளிக் கிளப்புகிற நிலையில் இருந்தால் முதலில் அதைச் சரி செய்துகொண்டு போங்கள். மின்சாரம் குறைந்த வண்டி பதிகிற நேரத்தில் பாதியில் நின்றுகொள்ளும், அதற்கு அவர் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.